பார்சல் கிளம்பிய பிறகு முகவரியை மாற்ற முடியுமா? கூரியர் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடம் திறக்கும் முன் வீடு மாறுகிறவர்கள் ஒரு பக்கம், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். இந்த இரண்டு சமயத்திலும் கூரியர் கவுண்டரில் 'அட்ரஸ் மாத்தணுமே' என்று வந்து நிற்பவர்கள் அதிகம். அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். வேலை நடக்கிற விதம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பார்சல் கிளம்பிவிட்டது. இனி முகவரியை மாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியும். அது இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. புக் செய்த பிராஞ்சிலேயே இன்னும் கிடக்கிறது என்றால் ஐந்து நிமிட வேலை. பழைய லேபிளை ரத்து செய்து புதிதாக ஒட்டிவிடுவார்கள். சாயங்கால வண்டியில் ஏறி, பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் மையமான ஹப்புக்குப் போய்விட்டால் கதை வேறு. ஒரே ஊருக்குப் போகிற பார்சல்களை மொத்தமாகச் சாக்கில் போட்டு சீல் வைத்துத்தான் அனுப்புவார்கள். உங்கள் ஒரு கவருக்காக நடுவழியில் யாரும் அந்தச் சாக்கைப் பிரிக்க மாட்டார்கள். சேர வேண்டிய ஊரில் பிரித்து, டெலிவரி பிராஞ்சுக்கு வந்த பிறகுதான் அது தனியாக ஒருவர் கைக்குக் கிடைக்கும்.

அதற்காக அதுவரை காத்திருக்கக் கூடாது. வழியில் இருக்கும்போதே சொல்லி வைத்தால்தான் அந்த நம்பர் ஸ்கேன் ஆகும்போது 'நிறுத்தி வை' என்று திரையில் காட்டும். பார்சல் வந்து சேர்ந்த அன்று காலையில் சொன்னால் பாதி நேரம் டெலிவரி பையன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பான்.

பார்சல் எனக்குத்தான் வருகிறது. நானே போன் செய்து மாற்றச் சொன்னால் செய்ய மாட்டார்களா?

இங்கேதான் நிறையப் பேருக்குக் கோபம் வரும். 'என் பேருக்கு வர்ற பார்சல், நான் சொன்னா மாத்த மாட்டீங்களா?' என்பார்கள். மாட்டார்கள். கூரியர் கம்பெனியிடம் காசு கொடுத்து, இன்ன இடத்தில் கொண்டுபோய்ச் சேர் என்று ஒப்படைத்தவர் அனுப்பியவர். அவர் சொல்தான் செல்லும்.

யோசித்துப் பார்த்தால் அது நியாயமும்கூட. டிராக்கிங் நம்பர் ரகசியமான சமாச்சாரம் இல்லை. ரசீதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுகிறோம், கடைக்காரர் குரூப்பில் அனுப்புகிறார். நம்பர் தெரிந்த எவரும் போன் செய்து, 'நான்தான் பேசுகிறேன், வேளச்சேரிக்குப் பதில் ஆவடிக்கு அனுப்புங்கள்' என்று சொல்லி உங்கள் பொருளை வாங்கிக்கொள்ள முடிந்தால் எப்படி இருக்கும்?

பெறுபவர் தானே செய்யக்கூடியவை சில உண்டு: வேறு நாளில் கொண்டுவரச் சொல்வது, பிராஞ்சுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்பது, வீட்டு அடையாளம் சொல்வது. சில கம்பெனிகள் பெறுபவரின் கைபேசிக்கு ஓடிபி அனுப்பி, அருகிலேயே உள்ள வேறு முகவரிக்கு மாற்றவும் விடுகின்றன. ஊர் மாறுகிறது என்றால் அனுப்பியவரைத்தான் பிடிக்க வேண்டும்.

அனுப்பியவர் என்ன செய்ய வேண்டும்?

புக் செய்த பிராஞ்சுக்கு நேரில் போவது நல்லது. கையில் புக்கிங் ரசீதும் ஒரு அடையாள அட்டையும் இருக்கட்டும். நேரில் போக முடியாதவர் மெயில் அனுப்பலாம். புக் செய்யும்போது கொடுத்த மெயில் ஐடி அல்லது கைபேசி எண்ணிலிருந்து வந்தால்தான் ஏற்பார்கள். எழுத வேண்டியது இவ்வளவுதான் (கன்சைன்மென்ட் எண் என்பது டிராக்கிங் நம்பர்தான்):

'கன்சைன்மென்ட் எண் ........... கொண்ட பார்சலை ........... தேதியில் உங்கள் ........... பிராஞ்சில் புக் செய்தேன். பழைய முகவரி: ........... இதை நிறுத்தி, கீழ்க்கண்ட முகவரியில் டெலிவரி செய்யவும். புதிய முகவரி, பின்கோடு: ........... பெறுபவர் பெயர், கைபேசி: ........... கூடுதல் கட்டணம் இருந்தால் நான் செலுத்துகிறேன்.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காசு யார் தருவது என்ற கேள்வியிலேயே இரண்டு நாள் ஓடிவிடும். மெயில் அனுப்பிய கையோடு பிராஞ்சுக்குப் போன் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள். அப்புறம், பெறுபவரின் ஊரில் உள்ள டெலிவரி பிராஞ்சுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மாற்றம் நடக்கப் போவது அங்கேதான்.

பார்சல் மேல் பழைய முகவரியை அடித்துவிட்டுப் பேனாவால் புதிதாக எழுதினால் போதாதா?

தபால் கவரில் அது நடக்கும். பழைய வீட்டுக்காரர் கவரில் புது முகவரியை எழுதிப் பெட்டியில் போட, போஸ்ட்மேன் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கூரியரில் அப்படி நடக்காது.

ஒரு பார்சலைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயரும் தெருவும் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணில் அடிப்பது பார்கோடும், பெரிதாக அச்சிட்ட பின்கோடும், ஹப்பைக் குறிக்கும் இரண்டு மூன்று எழுத்துகளும்தான். சில சமயம் ஊர்ப் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் பட்டையாக எழுதியிருப்பார்கள். ஹப்பில் வேலை செய்பவர் தெருப் பெயரைப் படிப்பதே இல்லை. பார்கோடில் ஸ்கேனர் வெளிச்சம் பட்டதும் எந்தச் சாக்கு என்று திரை சொல்லும். அதில் தூக்கிப் போடுவார். கணினியில் பழைய பின்கோடு இருக்கும்வரை, மேலே நீங்கள் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் பார்சல் பழைய ஊருக்கே திரும்பப் போகும். திருச்சி என்று பேனாவால் திருத்திய பார்சல் மதுரைக்கும் திருச்சிக்கும் இடையில் இரண்டு முறை போய் வருவதெல்லாம் இப்படித்தான். முதலில் கணினியில் மாற்ற வேண்டும், பிறகு புது லேபிள் ஒட்ட வேண்டும். பழைய பார்கோடு முழுதாக மறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கேனர் அதையும் படித்துத் தொலைக்கும்.

முகவரி சரி, பின்கோடு மட்டும் தப்பு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக் கூடாது. மேலே சொன்னதைப் பார்த்தாலே புரியும், பார்சலை ஓட்டிச் செல்வது பின்கோடுதான். 1972ல் தபால் துறை கொண்டுவந்த ஆறு இலக்கம் இது. முதல் இலக்கம் மண்டலம், நமக்கு 6. தமிழ்நாடு 60 முதல் 64 வரை, கேரளம் 67 முதல் 69 வரை. முதல் மூன்று இலக்கம் சேர்ந்தால் தபாலைப் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்று டெலிவரி செய்யும் தபால் நிலையம்.

வேளச்சேரி 600042. கை தவறி 600024 என்று அடித்தால் அது கோடம்பாக்கம். இரண்டும் சென்னைதான், ஒரு நாள் தாமதத்தோடு போய்விடும். கோயம்புத்தூரின் 641ஐ 614 என்று அடித்தால் பார்சல் மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் போய் நிற்கும். அங்கே போனதும் 'முகவரி தவறு' என்று பதிவாகும், அங்கிருந்து திருப்ப வேண்டும்.

பின்கோடு தப்பு என்று தெரிந்தவுடன் சொல்லிவிடுங்கள். இதைத் திருத்த அவ்வளவாகக் கெடுபிடி செய்ய மாட்டார்கள், முகவரியும் பின்கோடும் ஒத்துப்போகவில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

கதவு எண் அல்லது தெருப் பெயர் மட்டும் தவறு என்றால்?

போனிலேயே தீர்ந்துவிடும். அதே பின்கோடுக்குள் இருக்கும்வரை இதை முகவரி மாற்றம் என்றே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சென்னையில் பழைய எண், புதிய எண் குழப்பம் தெரிந்ததுதான். இரண்டையும் எழுதுங்கள்: 'பழைய எண் 12, புதிய எண் 27'. ஒன்றை மட்டும் எழுதினால் தெருவில் இரண்டு 27 இருக்கும். காந்தி நகர் என்று மட்டும் எழுதுபவர்களுக்கு: அடையாறிலும் காந்தி நகர், காட்பாடியிலும் காந்தி நகர், உங்கள் ஊரிலேயே இரண்டு இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு டீக்கடை என்று ஏதாவது அடையாளம் சேர்த்துவிடுங்கள்.

போன் நம்பர் தப்பாகிவிட்டது. அது அவ்வளவு முக்கியமா?

முகவரியைவிட முக்கியம் என்று சொல்லலாம். முகவரி அரைகுறையாக இருந்தும் போன் சரியாக இருந்தால் பார்சல் வந்துவிடும். முகவரி கச்சிதமாக இருந்து, போன் எடுக்கவில்லை, வீடும் பூட்டியிருக்கிறது என்றால் திரும்பிப் போய்விடும். ஓடிபி சொன்னால்தான் டெலிவரி என்கிற பார்சலாக இருந்தால் ஓடிபியும் அந்தத் தப்பான நம்பருக்குத்தான் போகும். அனுப்பியவர் வழியாக உடனே மாற்றிவிடுங்கள்.

'அவுட் ஃபார் டெலிவரி' என்று காட்டுகிறது. இப்போது மாற்றலாமா?

அன்றைக்கு முடியாது. காலையில் பிராஞ்சில் பார்சல்களை ஏரியாவாரியாகப் பிரித்து ஒவ்வொரு பையனுக்கும் ரன்ஷீட் போடுவார்கள். அந்தப் பட்டியலில் ஏறிய பார்சல் சாயங்காலம் அவன் திரும்பி வந்து கணக்குக் கொடுக்கும்வரை அவன் பொறுப்பு. அவன் போனில் கூப்பிடும்போது 'வீடு மாறிவிட்டோம், பார்சலைத் திருப்பி எடுத்துப் போய்விடுங்கள், மாற்று முகவரி சொல்லி அனுப்புகிறோம்' என்று சொல்லுங்கள். புது வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தால் அவனே வந்து கொடுத்துவிடுவான். அவன் ஏரியாவைத் தாண்டி இருந்தால் கெஞ்சிப் பயனில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கதவு தட்ட வேண்டும் என்ற கணக்கு அவனுக்கு உண்டு.

பழைய வீட்டுப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லலாமா என்றால், நம்பிக்கையான ஆள் என்றால் சொல்லலாம். வாங்குபவர் பெயரைச் சொல்லி, வாங்கியதும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கூடுதல் பணம் கேட்பார்களா?

அதே பிராஞ்ச் எல்லைக்குள் என்றால் பெரும்பாலும் இல்லை. வேறு ஊர் என்றால் கேட்பார்கள், அங்கிருந்து புதிதாக ஒரு புக்கிங் போட்ட மாதிரிதான் அது. எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப மறுபடி கட்டணம் வரும். புத்தகம், துணி, சான்றிதழ் என்றால் கொடுத்துவிட்டு அனுப்பலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, திருநெல்வேலி அல்வா என்று தின்பண்டம் இருக்கிறது என்றால் ஊர் மாற்றி அனுப்பச் சொல்லாதீர்கள். இரண்டு நாளில் சேர வேண்டியது ஆறு நாள் சுற்றி வந்தால் என்ன மிஞ்சும்? அந்த ஊரில் தெரிந்தவர் யாராவது இருந்தால் வாங்கிச் சாப்பிட்டுவிடட்டும்.

முகவரி மாற்றாமல் பிராஞ்சுக்கே போய் வாங்கிக்கொள்ளலாமா?

தாராளமாக. என்னைக் கேட்டால் பாதிப் பேருக்கு இதுதான் சரியான வழி. ஊருக்கு ஊர் மாற்றும் தொல்லை இல்லை, கட்டணம் இல்லை, அனுப்பியவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. டெலிவரி பிராஞ்சுக்குப் போன் செய்து, 'கவுண்டரில் வைத்திருங்கள், நானே வருகிறேன்' என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். உங்களுக்குப் பதில் வேறு ஒருவர் போவதானால் ஒரு சின்னக் கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும் கொடுத்து அனுப்புங்கள். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமேசான், ஃபிளிப்கார்ட் ஆர்டருக்கும் இதேதானா?

பொருள் கிடங்கிலிருந்து கிளம்பும் முன் ஆப்பிலேயே, ஆர்டர் விவரத்துக்குள் முகவரியை மாற்றும் வசதி இருக்கும். கிளம்பிய பிறகு அந்த வசதி பெரும்பாலும் மறைந்துவிடும், அல்லது அருகிலுள்ள முகவரியை மட்டும் ஏற்கும். மாநிலம் தாண்டி மாற்ற விடாததற்கு வரியும் ஒரு காரணம். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாநிலம் என்றால் பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று மத்திய, மாநில வரி தனித்தனியாக இருக்கும். வேறு மாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி. பில் போட்டாகிவிட்ட பின் முகவரி மாறினால் பில்லே தப்பாகிவிடும். அப்படி மாட்டிக்கொண்டால் ரத்து செய்துவிட்டுப் புது முகவரிக்கு மறுபடி ஆர்டர் போடுவதுதான் சுலபம். சலுகை விலை போய்விடுமே என்றால், பழைய முகவரியில் யாராவது வாங்கி வைக்க முடியுமா என்று பாருங்கள். வீடு மாறியவர்கள் ஆப்பில் பழைய முகவரியை நீக்கியே விடுங்கள். கீழே தள்ளி வைத்தால் என்றாவது அவசரத்தில் அதுவே தேர்வாகிவிடும்.

ஸ்பீட் போஸ்டில் வருகிறது என்றால்?

தபால் துறையில் பெறுபவருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. உங்கள் பழைய முகவரிக்குப் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்துக்குப் போய், எனக்கு வரும் தபால்களை இந்தப் புது முகவரிக்குத் திருப்பிவிடுங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். வீடு மாறுகிறவர்கள் இதை மறக்காமல் செய்யுங்கள், காஸ் இணைப்பு மாற்றுவதில் காட்டும் அக்கறையில் பாதி காட்டினால் போதும். அனுப்பியவரும் புக்கிங் ரசீதோடு தபால் நிலையத்தில் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். ரசீதில் இரண்டு எழுத்தில் தொடங்கி ஐஎன் என்று முடியும் 13 இடங்கள் கொண்ட எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2025ல் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டதால் இப்போது இரண்டுக்கும் ஒரே வழிதான்.

பாஸ்போர்ட், ஏடிஎம் கார்டு, ஓட்டுநர் உரிமம் வருகிறது. மாற்றிக்கொள்ளலாமா?

இவற்றில் முயற்சி செய்யாதீர்கள். பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில் வரும். அதில் உள்ள முகவரியில், உரியவரிடம் மட்டும், அடையாளம் பார்த்துக் கொடுப்பார்கள். வீடு பூட்டியிருந்தால் தபால் நிலையத்தில் சில நாள் இருக்கும், பிறகு பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பும். வங்கிக் கார்டும் அப்படித்தான், முகவரி மாற வேண்டும் என்றால் வங்கியில் மாற்றி வேறு கார்டு கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமமும் ஆர்சி புத்தகமும் 2024லிருந்து ஸ்பீட் போஸ்டில்தான் வருகின்றன. முகவரி பொருந்தாவிட்டால் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் திரும்பும், அங்கே போய்த்தான் தீர்க்க வேண்டும்.

'உங்கள் முகவரி முழுமையாக இல்லை, 24 மணி நேரத்துக்குள் இந்த லிங்கில் திருத்துங்கள்' என்று மெசேஜ் வந்தது. திருத்தலாமா?

கூடாது. இந்தியா போஸ்ட் பெயரிலேயே இப்படி மெசேஜ் சுற்றுகிறது. அது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் (பிஐபி) உண்மை சரிபார்ப்புப் பிரிவு பலமுறை சொல்லிவிட்டது. லிங்கைத் தட்டினால் அசல் மாதிரியே ஒரு பக்கம் திறக்கும். முகவரி கேட்கும், அடுத்து மறு டெலிவரிக்கு ஏதோ சில்லறைத் தொகை கேட்கும். அந்தச் சில்லறைக்காக நீங்கள் அடிக்கும் கார்டு விவரம்தான் அவர்களுக்கு வேண்டியது.

இன்னொரு வகை போனில் வரும். 'சார், கூரியர்லேருந்து பேசறேன், அட்ரஸ் கிடைக்கல. டெலிவரி பையன் நம்பர் தர்றேன், முன்னாடி ஸ்டார் 21 ஸ்டார் போட்டு டயல் பண்ணுங்க' என்பான். சிலர் ஸ்டார் 401 ஸ்டார் என்பார்கள். அது டெலிவரி பையனுக்குப் போகும் அழைப்பே இல்லை. உங்களுக்கு வரும் அழைப்புகளை எல்லாம் அந்த மோசடிக்காரன் எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. அதன் பிறகு வங்கி போனில் சொல்லும் ஓடிபியும் அவன் காதுக்குப் போகும். ஏற்கெனவே டயல் செய்துவிட்டீர்கள் என்றால் ##002# அழுத்துங்கள், எல்லா அழைப்புத் திருப்பலும் நீங்கும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

கூரியர் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி முதலில் வருவதற்குப் போன் செய்வதும் ஆபத்து. புக்கிங் ரசீதில் இருக்கும் எண்ணுக்கே பேசுங்கள்.

நான் துணி வியாபாரம் செய்கிறேன். வாடிக்கையாளர் முகவரி மாற்றச் சொல்கிறார். எதைக் கவனிக்க வேண்டும்?

சரக்கு மதிப்பைப் பாருங்கள். மாநிலம் தாண்டி 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள்ளேயே 1 லட்சத்துக்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கு வண்டியில் போக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) இருக்கும். அதில் சேருமிடத்தைப் பிறகு திருத்த முடியாது. வண்டி விவரத்தை மட்டும்தான் மாற்றலாம். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிது எடுக்க வேண்டும். பில்லில் ஒரு ஊர், சரக்கு போவது வேறு ஊர் என்றால் வழியில் சோதனையில் நின்றுவிடும்.

கேஷ் ஆன் டெலிவரி பார்சலுக்கு முகவரி மாற்றச் சொன்னால் ஒரு தடவை நன்றாக விசாரியுங்கள். புதுப் பின்கோடில் அந்த வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மாற்றச் சொன்னதை வாட்ஸப்பில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல்?

சுங்கத்தில் பெறுபவர் பெயர், முகவரிக்குச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றில் உள்ளதும் பார்சலில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும். சுங்கம் முடிந்து உள்ளூர் பிராஞ்சுக்கு வரட்டும், அதன் பிறகு பேசிக்கொள்ளுங்கள்.

டிராக்கிங்கில் ஆர்டிஓ என்று வந்துவிட்டது. என்ன அர்த்தம்?

வண்டி பதிவு செய்யும் ஆபீஸ் இல்லை. அனுப்பியவருக்கே திரும்பப் போகிறது என்று பொருள். இரண்டு மூன்று முறை வந்து பார்த்துக் கொடுக்க முடியாமல் போனால் இப்படிப் பதிவு செய்வார்கள். பார்சல் இன்னும் டெலிவரி பிராஞ்சிலேயே இருந்தால், அனுப்பியவர் சொல்லி நிறுத்த வாய்ப்பு உண்டு. சாக்கில் ஏறிவிட்டால் விட்டுவிடுங்கள், அவர் கைக்குப் போய்ச் சேர்ந்து, புது முகவரிக்கு மறுபடி புக் செய்து வரட்டும்.

முகவரியை மாற்றிய பிறகும் பழைய இடத்திலேயே கொடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?

முதலில் டெலிவரிச் சான்றைக் கேளுங்கள். யார் வாங்கினார், என்ன நேரம், கையெழுத்து அல்லது படம் எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் பழைய வீட்டு வாட்ச்மேனோ புதிதாகக் குடிவந்தவரோ வாங்கி வைத்திருப்பார். போய்க் கேட்டால் கிடைத்துவிடும். கிடைக்கவில்லை என்றால் அனுப்பியவர் பெயரில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முகவரி மாற்றக் கேட்ட மெயிலையும் அதற்கு வந்த பதிலையும் இணையுங்கள். கம்பெனி கண்டுகொள்ளவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்யலாம், அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. புக்கிங் ரசீதின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள். பொருள் தொலைந்தால் இவ்வளவுதான் தருவோம் என்று பொடி எழுத்தில் ஒரு வரம்பு அச்சிட்டிருப்பார்கள், கவுண்டரில் முதலில் அதைத்தான் காட்டுவார்கள்.